தாளம் போட உட்கார்ந்தவள்

அந்தப் படத்தை நம் குழுவில் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்று தெரியும். எண்பதுகளின் தெரு, பதினைந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, கையில் மைக், எதிரே அவளைவிட ஒரு முழம் உயரமான பையன்கள். அழுதேன் என்று ஒருத்தி எழுதினாள். இரண்டு தடவை பார்த்தேன் என்று இன்னொருவன். நான் பாதியில் எழுந்துவிட்டேன். இங்கே ரிச்சர்ட்சனில், என் சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டுக் கைகழுவ மறந்து நின்றேன். என் வலது கை தொடையில் தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தது: ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். ஒரு தட்டு, ஒரு திருப்பு. மறுபடி ஒரு தட்டு, ஒரு திருப்பு. எட்டு.

படம் வேறொருத்தியின் கதைதான், ஆனாலும் எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஸ்கேட்டிங் ரிங்க்கின் வாசனைதான் இல்லை. வாடகை ஸ்கேட்டுக்குள் பீய்ச்சும் கிருமிநாசினி, நேற்றைய பாப்கார்ன், மரத்தரைக்குப் பூசிய வார்னிஷ், ஐம்பது பிள்ளைகளின் வியர்வையில் நனைந்த கம்பளிக் காலுறை. கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே நான் என் ஒன்பதாம் வயதுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். அங்கே என் அக்கா இருப்பாள். பதினாறு வயது. வானநீல ஜாக்கெட். ஒரு கை ஜிப் எப்போதும் உடைந்தே இருக்கும்.

நீங்கள் எல்லோரும் அவள் பாட்டைக் கேட்டவர்கள். அவளை எனக்கு அக்காவாகத் தெரிந்த அந்த ஓர் இலையுதிர் காலத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நாங்கள் வளர்ந்த அமெரிக்கச் சிற்றூரான ஐசலினில் அப்போது நம் கடைகள் ஒரு கையால் எண்ணிவிடக்கூடியவை. நம் பிள்ளைகளின் சனிக்கிழமைகளுக்கோ ஒரே கதிதான். பாட்டு ஆன்ட்டி வீட்டு பேஸ்மென்ட். மரப்பலகை ஒட்டிய சுவர், ஆரஞ்சுக் கம்பளம், மூலையில் வாஷிங் மெஷின். ஆன்ட்டி பாய் விரித்து, சுருதிப் பெட்டியைத் தட்டிவிட்டு, ஏழு பெண்களை வரிசையாக உட்கார்த்துவார். அவர் வீட்டு அங்கிள் அதில் துணி போட்டுவிட்டு மேலே போயிருப்பார். மெஷின் பிழியத் தொடங்கினால் தடதடவென்று ஆடும். "ஐயோ, சுருதியே போச்சு!" என்று ஆன்ட்டி காதைப் பொத்திக்கொள்வார். என் அக்கா மட்டும் அந்தத் தடதடப்புக்குத் தலையை ஆட்டுவாள்.

அவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போதே தீர்ப்பு வந்துவிட்டது. அம்மா கூட்டிப்போக வந்த நேரத்தில், எல்லாப் பிள்ளைகளின் முன்னாலும்.

"சின்னவளுக்குச் சுமாரா வரும். பெரியவளுக்குக் குரலே இல்லைங்க. தகரத்துல ஆணி இழுக்கிற மாதிரி இருக்கு. ஒண்ணு பண்ணலாம், ஓரமா உக்காந்து தாளம் போடட்டும். மத்த பிள்ளைங்களுக்காவது யூஸ் ஆகும்."

வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது அம்மா, "தாளமாவது ஒழுங்கா போடு" என்றாள். அவ்வளவுதான். அக்கா போட்டாள். மூன்று வருடம், சனி தவறாமல், சுவரோரம் சம்மணமிட்டு, வாயை மூடி, மற்றவர்கள் பாட அவள் எண்ணினாள். நாங்கள் பாட்டு நோட்டைப் பார்ப்போம், ஆன்ட்டி முகத்தைப் பார்ப்போம், பாடி முடிக்கையில் எங்கே இருக்கிறோம் என்று அவள் கையைப் பார்ப்போம். அது எப்போதும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும்.

அவள் நோட்டு பச்சை அட்டை போட்டது. முன்பக்கம் திறந்தால் சரளி வரிசை. தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கம் திறந்தால் வேறு உலகம். சின்னச் சின்ன எழுத்தில், அடித்தல் திருத்தலோடு, ஆங்கிலத்தில் அவள் எழுதிய வரிகள். பள்ளியில் அவள் லாக்கருக்குப் பக்கத்து லாக்கர்க்காரிதான் சிநேகிதி. அந்தச் சிநேகிதியின் ஒன்றுவிட்ட அண்ணன் நியூயார்க்கிலிருந்து பார்க்கில் பதிவுசெய்த கேசட்டுகளை அனுப்புவான். பாதி இரைச்சல், பாதி கூட்டத்தின் கூச்சல், நடுவே யாரோ ஒருவர் தாளத்தின் மேல் மூச்சுவிடாமல் ராப் பேசிக்கொண்டிருப்பார். அக்கா மதிய உணவு மேஜையில் அந்தப் பேச்சுக்குத் தாளம் போட்டிருக்கிறாள். பிறகு ஒரு நாள் தானே பேசியிருக்கிறாள். சாப்பாட்டுக் கூடமே திரும்பிப் பார்த்ததாம்.

"கேர்ள், யூ டோன்ட் எவர் ஃபால் ஆஃப்" என்றாளாம் சிநேகிதி, தாளத்தை விட்டு நீ விழுவதே இல்லை என்று. அக்கா என்னிடம் அதைச் சொன்னபோது அவள் காது சிவந்திருந்தது. பாராட்டு வாங்கிப் பழக்கமில்லாத காது.

அந்த வருடம் செப்டம்பரில் எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளியிருந்த ஸ்கேட்டிங் ரிங்க்கில், சக்கரக் காலணி கட்டிச் சறுக்கும் கூடத்தில், ராப் போட்டி அறிவித்தார்கள். நான்கு சனிக்கிழமை மதியம், நான்கு சுற்று. கடைசியில் நிற்பவருக்கு நுவார்க் நகரில் ஒரு ஸ்டூடியோவில் ஒரு முழு நாள், ஒரு இசைத்தட்டு. ரிங்க்கின் டிஜே கிறுக்குத்தனமான ஒரு பரீட்சை வைப்பார். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்லாமல் இசையை அறுத்துவிடுவார். அந்த அமைதியில் நீங்கள் பேசிக்கொண்டே போகவேண்டும். அவர் இசைத்தட்டை ஓசையில்லாமல் சுழலவிட்டு, இஷ்டப்பட்டபோது ஒலியைத் திரும்ப ஏற்றுவார். அப்போது நீங்கள் தாளத்தின் மேல் நிற்கிறீர்களா, தாளத்துக்கு வெளியே விழுந்து கிடக்கிறீர்களா என்பது ஊருக்கே தெரிந்துவிடும். பெரிய பெரிய வாய்க்காரப் பையன்கள் எல்லாம் அங்கேதான் விழுந்தார்கள்.

சனி மதியம். பாட்டு வகுப்பும் சனி மதியம்.

அப்பா ஏற்கனவே சொல்லியிருந்தார். போன வருடம் கெமிஸ்ட்ரி மார்க்கை மறைத்ததற்கு, தோசை ஆறிப்போகும்வரை தட்டைத் தொடாமல் சொன்னது: "இன்னொரு பொய் சொன்னே, டிக்கெட் போட்டுடுவேன். பெரியப்பா வீட்ல தங்கி மெட்ராஸ்ல பிளஸ் டூ முடி." நம் எல்லோர் வீட்டிலும் சொன்னதுதான் இது. ஆனால் என் அப்பா சொன்னதைச் செய்கிறவர். பெரியப்பாவுக்குக் கடிதமும் போய், பள்ளியில் இடம் உண்டு என்று பதிலும் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் மேல், காந்தத்தின் கீழ், அந்த நீலக் கடிதம் ஒட்டியிருந்தது.

மூன்று சனிக்கிழமை நாங்கள் தப்பித்தோம். அம்மா எங்களை ஆன்ட்டி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவாள். தெருமுனையில் சிநேகிதியின் அம்மா காரோடு நிற்பார். பஸ் ஓட்டுகிற அம்மாள், யூனிஃபார்ம் தொப்பியைக் கழற்றாமலே காத்திருப்பார். அக்கா ஏறிக்கொள்வாள்; அம்மா வருவதற்குள் திரும்பிவிடுவாள். நான் உள்ளே போய், "அக்காவுக்கு டெஸ்ட்டுக்குப் படிக்கணும் ஆன்ட்டி" என்பேன். பாடுகிற பெண் வராவிட்டால் ஆன்ட்டி கேட்டிருப்பார். தாளம் போடுகிறவள்தானே, விட்டுவிட்டார்.

நான்காவது சனிக்கிழமைதான் மாட்டினோம். எதனால் தெரியுமா? நவராத்திரி நிகழ்ச்சிக்குக் குழுப்பாட்டு ஒத்திகை. ஏழு பெண்களும் வாயைத் திறந்தோம். இரண்டாவது வரியில் இரண்டு பேர் முந்தினார்கள். மூன்றாவது வரியில் ஒருத்தி நின்றுவிட்டாள். ஆன்ட்டி மறுபடி ஆரம்பித்தார். மறுபடி சரிந்தது. ஐந்தாவது தடவை ஆன்ட்டி தானே தாளம் போட்டுக்கொண்டு பாடினார். அவருக்கும் தாளம் தப்பியது. பேஸ்மென்ட்டில் வாஷிங் மெஷின் மட்டும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆன்ட்டி எழுந்து என் முன்னால் வந்து குனிந்தார். "உங்க அக்கா எங்கடி?"

"டெஸ்ட்..."

"சாமி மேல கை வெச்சுச் சொல்லு."

மூலையில் சின்ன சரஸ்வதி படம். நான் ஒன்பது வயதுக் குழந்தை, நண்பர்களே. சொல்லிவிட்டேன். ரிங்க், போட்டி, நான்கு மணி, எல்லாவற்றையும். போதாக்குறைக்கு, "இன்னிக்குத்தான் ஃபைனல்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஆன்ட்டி போன் செய்த பத்தாவது நிமிடம் எங்கள் கார் வாசலில் நின்றது. அப்பா ஓட்ட, அம்மா முன்னால். என்னைப் பின்னால் அடைத்தார்கள். வழிநெடுக மேப்பிள் மரங்கள் சிவந்து கொழுந்துவிட்டிருந்தன. யாரும் பார்க்கவில்லை.

"நான் நேரா உள்ள போய், கையப் புடிச்சு, தரதரன்னு இழுத்துட்டு வரேன்" என்றாள் அம்மா.

"சத்தம் போடாதே. போலீஸ் கீலீஸ் வந்தா கிரீன் கார்டு அம்போ. நம்ம ஃபைல் இன்னும் பெண்டிங்ல இருக்கு."

"கிரீன் கார்டு, கிரீன் கார்டு! பொண்ணே அம்போன்னு போயிட்டிருக்கா!"

ரிங்க்கின் நடுவில், மரத்தரையின் மையத்தில் ஒரு சின்ன மேடை. அதன் மேல் டிஜேயின் இரண்டு தட்டுகள், ஒரு மைக். சுற்றிலும் இருநூறு பிள்ளைகள் சக்கரக் காலோடு நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். அம்மா பட்டுப்புடவைக்கு மேல் குளிர் கோட், காலில் ஸ்னீக்கர். கும்பலை விலக்கிக்கொண்டு தடுப்புக் கம்பிவரை வந்துவிட்டாள். தரையில் ஒரு கால் வைத்தாள். விசில்.

காவலுக்கு நின்ற ஆள் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். "மேம், நோ ஸ்கேட்ஸ், நோ ஃப்ளோர்."

"தட் இஸ் மை டாட்டர்!"

"யெஸ் மேம். நோ ஸ்கேட்ஸ், நோ ஃப்ளோர்."

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏய்! இறங்கி வாடி!" என்று கத்தினாள். ஸ்பீக்கர் அந்தக் கத்தலை விழுங்கி ஏப்பம் விட்டது. வேறு யாராவது ஒரு தகப்பனாக இருந்தால் தாண்டிக் குதித்திருப்பார். என் அப்பா சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைப் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"ரூல் இருக்கு" என்றார். பிறகு வரிசையில் போய் நின்றார்.

இதை நான் இன்றைக்கும் நம்புவதில்லை. ஆபீஸ் ஷூவைக் கழற்றி, உள்ளே காலுறையை மடித்து வைத்து, கவுண்டரில் ஒப்படைத்தார். பதிலுக்குப் பழுப்பு நிற ஸ்கேட் ஒரு ஜோடி, ஆரஞ்சுச் சக்கரம். பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாகக் கயிறு இழுத்துக் கட்டினார். எழுந்தார். காதுவரை இழுத்த மங்கி கேப், உள்ளே செருகிய முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, காலுக்குக் கீழே எட்டுச் சக்கரம்.

"கீழ விழுந்து கை கால உடைச்சிக்காதீங்க" என்றாள் அம்மா. கோபத்தின் நடுவிலும் அதைச் சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டே அரைவட்டம் போனார். அதற்கப்புறம் மேடைவரை வெறும் தரை. ஒரு கணம் நின்றார். கையை விட்டார். இரண்டு அடி நேராக, மூன்றாவது அடி கோணலாக, பிறகு காற்றில் துடுப்புப் போட்டபடி அவர் சாய, இரண்டு பையன்கள் சறுக்கி வந்து ஆளுக்கொரு அக்குளில் தாங்கிப் பிடித்தார்கள். அதில் உயரமானவன்தான் அக்காவின் எதிராளி. சற்று முன்புதான் அவள் நெற்றிப் பொட்டைக் கேலிசெய்து பேசி, கூட்டத்தைச் சிரிக்கவைத்து, கடைசியில் இசை அறுந்தபோது அரை மாத்திரை பிசகி இறங்கியிருந்தான். அவனுக்கு இவர் யாரென்று தெரியாது.

"ஐ காட் யூ, பாப்ஸ்" என்றான்.

அக்கா மைக்கைக் கையில் எடுத்த நேரம் அது. பார்த்துவிட்டாள். இருநூறு பேருக்கு நடுவே, இரு பையன்களின் தோளில் தொங்கிக்கொண்டு, சக்கரக் காலில், அப்பா. அவள் முகம் வெளிறியதை நான் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். ஃபிரிட்ஜ் மேலிருந்த நீலக் கடிதம் அவள் கண்ணில் ஆடியிருக்கும். கூட்டம் காத்திருந்தது. இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று எட்டு, அவள் பேசவில்லை. இரண்டாவது சுற்று எட்டு. பையன்கள் ஊளையிட ஆரம்பித்தார்கள்.

அவள் இடது கையில் மைக். வலது கை தொடைக்கு இறங்கியது. தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல்.

பேசினாள்.

ஆங்கிலத்தில்தான் பேசினாள். ஆனால் இத்தனை வருடத்தில் என் மனதுக்குள் அது தமிழாகிவிட்டது. *என் பெயர் உன் நாக்கில் உடைகிறதா, உடையட்டும், துண்டுகளை எண்ணித்தான் வைத்திருக்கிறேன். என் நெற்றியில் இருப்பது முற்றுப்புள்ளி, உன் வாக்கியம் அங்கேதான் முடிகிறது. ஓரத்தில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். ஓரத்திலிருந்துதான் அறை முழுவதும் தெரியும்.* அந்தக் குரல்! தகரத்தில் ஆணி இழுத்ததுபோலத்தான் இருந்தது. அந்தப் பெரிய கூடத்தில், அத்தனை இரைச்சலுக்கு மேலே, ஒவ்வொரு சொல்லும் கீறிக்கொண்டு வந்து சேர்வதற்கு அப்படி ஒரு குரல்தான் வேண்டியிருந்தது.

டிஜே இசையை அறுத்தார்.

மற்றவர்களுக்கு ஒரு சுற்றுதான் அறுப்பார். இவளுக்கு இரண்டாவதும் போயிற்று. ஒலி வரவில்லை. அவள் பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாவது. டிஜே சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் வலது கையையே பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. கூட்டத்தில் ஒருத்தி சக்கரக்காலைத் தரையில் தட்டினாள், அக்காவின் தட்டோடு சேர்ந்து. பத்துப் பேர் தட்டினார்கள். நூறு பேர். மரத்தரை ஒரே மத்தளமாயிற்று. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கம்பியைப் பிடித்திருந்த கையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி விரிந்துகொண்டிருந்தன. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். அவளுக்கே தெரியாமல்.

நான்காவது சுற்றின் முடிவில் ஒலி திரும்ப இறங்கியது. அக்காவின் கடைசிச் சொல்லும் அந்த முதல் அடியும் ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவே ஒரு தாள் நுழைய இடமில்லாமல், சேர்ந்து விழுந்தன.

அந்தக் கூச்சலை எழுத எனக்கு எழுத்து இல்லை. உயரமான எதிராளி அப்பாவை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். தன்னைத் தோற்கடித்தவளுக்காக! அப்பா பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க முயலவே இல்லை.

திரும்பும்போது காரில், வீட்டுக்கு இரண்டு தெரு இருக்கையில் அம்மா கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"ஐ டிட்ன்ட் லை, அம்மா. ஐ ஜஸ்ட் டிட்ன்ட் டெல் யூ."

"அதுக்குப் பேரு என்னவாம்?" அடுத்த தெருவில், "பசிக்குதா?"

"யா."

வீட்டுக்கு வந்ததும் அம்மா பச்சை நோட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நீலக் கடிதம் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. ஸ்டூடியோவுக்குப் போக வேண்டுமானால் பெற்றோர் கையெழுத்துப் போட்ட பத்திரம் வேண்டும். ஆறு பக்கம். அப்பா அதை ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டார். ஒன்பது நாள் அக்கா யாரிடமும் பேசவில்லை. வீட்டில் அவள் விரல்கூட எண்ணவில்லை. அந்த வீடு அவ்வளவு தாறுமாறாக ஓடி நான் பார்த்ததில்லை.

பிறகு சரஸ்வதி பூஜை வந்தது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? கொலுவுக்கு முன்னால் மணை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பிள்ளைகளின் பாடப் புத்தகங்களை அடுக்குவாள் அம்மா. என் கணக்குப் புத்தகம், அக்காவின் கெமிஸ்ட்ரி, அப்பாவின் கால்குலேட்டர். நான் சாமந்திப் பூ எடுத்துக்கொண்டு வந்து பார்த்தேன். அடுக்கின் உச்சியில், சந்தனமும் குங்குமமும் வைத்து, பச்சை அட்டை நோட்டு. தலைகீழாக. பின்பக்கம் மேலே இருக்கும்படி.

அக்கா வந்து நின்றாள். கையை நீட்டினாள்.

"தொடாதே" என்றாள் அம்மா, விளக்கைத் தூண்டியபடியே. "பூஜையில வெச்சிருக்கு. நாளைக்கு எடுத்து ஒரு பக்கமாவது படிக்கணும். நீ எழுதினத நீயே படி."

அன்று மாலை அப்பா சாப்பாட்டு மேஜையில் ஆறு பக்கப் பத்திரத்தை விரித்தார். கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் படிக்கிற மாதிரி, ஸ்கேல் வைத்து, வரிவரியாக. மூன்று இடத்தில் கேள்விக்குறி போட்டார். மறுநாள் கையெழுத்துப் போட்டு, ஆபீஸில் மூன்று பிரதி எடுத்து, நோட்டரி முத்திரையும் வாங்கிவந்தார். யாரும் கேட்கவே இல்லை. ஸ்டூடியோக்காரர் தன் வாழ்நாளில் நோட்டரி முத்திரை வைத்த ராப் ஒப்பந்தத்தைப் பார்த்தது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும். அன்று வீட்டுக்குள் வந்ததும் அப்பா நேராகப் போய் ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்தார். நீலக் கடிதத்தின் இடத்தில் மூன்றாவது பிரதியை மாட்டினார்.

இசைத்தட்டு வந்தது. கல்லூரி வானொலியில் வந்தது, பிறகு நகரத்து வானொலியில் வந்தது. பாட்டு ஆன்ட்டி, நம் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட்டில் பருப்பு வாங்கப் போகிற இடத்திலெல்லாம், "தாளம் என்கிட்டதான் கத்துக்கிட்டா" என்றார். பொய்யென்று சொல்ல முடியுமா? எங்களிடம் இருந்த முதல் இசைத்தட்டை அம்மா கொலுப்படியில் வைத்தாள். இரண்டு வீடு மாறியதில் அது தொலைந்தது. வானநீல ஜாக்கெட்டும் தொலைந்தது. பச்சை நோட்டு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

படம் பார்த்த அன்று அக்காவைக் கூப்பிட்டேன். கலிபோர்னியாவில் இருக்கிறாள். மூட்டுவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இன்னும் மேடையேறுகிறாள்.

"ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஆன்ட்டிகிட்ட போட்டுக் குடுத்தது நான்தான்."

"தெரியும்டி. உன்னத் தவிர யாருக்குத் தெரியும்?"

"கோபம் இல்லையா?"

"லூசு. நீ சொல்லலேன்னா அப்பா வந்திருப்பாரா? ஹி புட் ஆன் ஸ்கேட்ஸ், டி. ஃபார் மீ."

அப்பாவைப் பற்றி இன்னும் ஒன்று. இசைத்தட்டு வந்த அந்தக் குளிர்காலம், பிப்ரவரி, ஓக் ட்ரீ ரோடு. தெருவோரம் கறுத்துப்போன பனிக் குவியல். அப்பா ஓட்ட, அம்மா பக்கத்தில், பின்னால் நான். அக்கா அன்று பிலடெல்பியாவில் பாடப் போயிருந்தாள். சிக்னலில் சிவப்பு. பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. எங்கள் கண்ணாடி அதிர்ந்தது. மூடிய இரண்டு ஜன்னல்களைத் தாண்டி அந்தக் குரல் வந்தது, தகரத்தில் ஆணி இழுத்துக்கொண்டு.

அப்பா கைப்பிடியைச் சுற்றி ஜன்னலை இறக்கினார். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. பக்கத்துக் காரில் இருபது வயதுப் பையன் ஒருவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். அப்பா கையசைத்தார். அவன் சந்தேகத்தோடு தன் ஜன்னலை இறக்கினான். மங்கி கேப் போட்ட ஒரு இந்தியர், வழி கேட்கப் போகிறார் என்று நினைத்திருப்பான்.

"எக்ஸ்க்யூஸ் மீ, சார்" என்றார் அப்பா. "திஸ் ஒன், சிங்கிங். ஷீ இஸ் மை டாட்டர்."

பையன் அவரைப் பார்த்தான், அம்மாவின் பொட்டைப் பார்த்தான், ரேடியோவைப் பார்த்தான். பிறகு ஒலியைக் கடைசிவரை திருகினான்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வரிசையில் நின்று ஸ்கேட் வாங்கிய என் அப்பா, விதிமுறைப் பலகையை முழுசாகப் படித்த என் அப்பா, அசையவில்லை.

"பச்சை போட்டாச்சு, கிளம்புங்க" என்றாள் அம்மா.

"இரு" என்றார், ஸ்டியரிங்கில் விரல் எண்ணியபடி. "பாட்டு முடியட்டும்."